தழையும் காயும்: கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் பயறுவகை மரங்களின் தீவன மதிப்பு

தை அறுவடை முடிந்து வைக்கோல் போர் ஏறியதிலிருந்து ஆடியில் மானாவாரி விதைப்புக்கு மழை கிடைக்கும் வரை, கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துக் கால்நடைகளுக்குப் பச்சைத் தீவனம் பெரும்பாலும் மரத்தில்தான் இருக்கிறது. ஏரி உள்வாயில் கருவேலம், புறம்போக்கில் வெள்வேலம், குன்றுச் சரிவில் துரிஞ்சி, கிணற்றோரம் அகத்தி, வேலியில் சூபாபுல், இவை எதுவும் இல்லாத இடத்தில் சீமைக்கருவேலம். இவை அனைத்தும் பயறுக் குடும்பத்து மரங்கள்; உளுந்தும் மல்லாட்டையும் சேர்ந்த அதே குடும்பம். இவற்றின் தழையிலும் காயிலும் என்ன சத்து இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்தச் சத்தில் எவ்வளவு ஆட்டின் உடம்பில் போய்ச் சேர்கிறது என்பது இன்னொரு கேள்வி. தீவனப் பட்டியல்கள் முதல் கேள்விக்கே விடை சொல்கின்றன. பட்டியில் ஆடு தேறுவதும் தேறாததும் இரண்டாவதைப் பொறுத்தது.

இப்பகுதி பாலைவனம் அல்ல. இவ்வட்டாரம் அமைந்த திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ராஜஸ்தானத்து ஜோத்பூருக்குக் கிடைப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் அம்மழை தென்மேற்கு, வடகிழக்குப் பருவ மாதங்களில் பெய்து முடிந்துவிடுகிறது. மண் செம்மண்; பல இடங்களில் ஆழம் குறைவு; அடியில் கடும்பாறை. மாசி பிறக்கும்போது மேய்க்காலில் புல் காய்ந்து தாளாகிவிடும். பாறை வெடிப்பில் வேர் இறக்கிய மரம் மட்டும் பச்சையாக நிற்கும். வெள்வேலம், கருவேலம் போன்றவை காய் முற்றி உதிர்வதும் கோடையில்தான். தீவனம் அற்றுப்போகும் மாதங்களும் மரம் கொடுக்கும் மாதங்களும் ஒன்றாக இருப்பதே இம்மரங்களின் முதல் மதிப்பு.

ஆடும் மாடும் தின்பதை நேரடியாகச் செரிப்பதில்லை. நான்கு அறை கொண்ட வயிற்றின் முதல் அறையான பெருவயிற்றில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் நாரைச் சிதைத்துப் புளிக்க வைக்கின்றன. அதில் உண்டாகும் கொழுப்பு அமிலங்களே கால்நடைக்குச் சக்தி. அந்த நுண்ணுயிரிகளும் உயிர்கள்தாம். அவை பெருகத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், வேண்டும். தீனியின் உலர்பொருளில் கச்சாப் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவற்றின் எண்ணிக்கை குறைகிறது, நார் செரிப்பது மெதுவாகிறது, வயிறு காலியாக நேரமாகிறது, மாடு தின்னும் அளவும் குறைகிறது. நெல் வைக்கோலில் இருப்பது 3 முதல் 4 சதவீதம். சோளத்தட்டையில் சற்று அதிகம். போர் நிறைய வைக்கோல் இருந்தும் மாடு எலும்பு தெரிய நிற்பதற்குக் காரணம் இதுதான்: வயிறு நிறைந்திருக்கிறது, வயிற்றுக்குள் வேலை நடக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 20 கிலோ எடையுள்ள வளரும் வெள்ளாடு ஒரு நாளில் ஏறத்தாழ 700 கிராம் உலர்பொருள் தின்னும். அதற்குத் தேவைப்படும் புரதம் சுமார் 50 கிராம். 4 சதவீதப் புரதம் உள்ள உலர்தீனியை மட்டும் போட்டால் 28 கிராம்தான் கிடைக்கும். அந்த 700 கிராமில் 200 கிராமை எடுத்துவிட்டு, 22 சதவீதப் புரதமுள்ள சூபாபுல் தழையை வைத்தால் தழையிலிருந்து 44, மீதியிலிருந்து 20, ஆக 64 கிராம். பச்சைத் தழையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் இருப்பதால், 200 கிராம் உலர்பொருளுக்கு ஏறத்தாழ 700 கிராம் பச்சைத் தழை ஒடித்தால் போதும். தழை தன் புரதத்தைக் கொடுப்பதோடு நிற்பதில்லை. நுண்ணுயிரிகளை எழுப்பிவிடுவதால் அதே வைக்கோல் முன்னைவிடக் கூடுதலாகச் செரிக்கிறது. எனவே மரத்தழையைத் தனித் தீவனமாக மதிப்பிடுவது முறையன்று. வைக்கோலுக்குத் துணையாக வரும்போதுதான் அதன் பெறுமானம் தெரியும்.

பயறுக் குடும்ப மரங்களின் இலையில் தழைச்சத்து கூடுதலாக இருப்பதற்கு அவற்றின் வேரில் காரணம் உண்டு. அகத்தி, சூபாபுல், கருவேலம் போன்றவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. சத்தற்ற செம்மண்ணிலும் இலை செழிப்பாக இருப்பது அதனால்தான். எல்லாப் பயறுவகை மரத்துக்கும் வேர் முடிச்சு உண்டு என்று கொள்ளக் கூடாது. புளியமரமும் இந்தக் குடும்பமே. அதற்கு முடிச்சு இல்லை.

பட்டியலில் வரும் எண்களைப் பார்க்கும் முன் அவை எப்படிக் கிடைக்கின்றன என்பதை அறிந்துகொள்வது நல்லது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் 1883இல் வகுத்த முறைப்படி தீவனத்திலுள்ள நைட்ரஜன் அளக்கப்படுகிறது, அதை 6.25ஆல் பெருக்கினால் கச்சாப் புரதம். நைட்ரஜன் எந்தப் பொருளில் இருக்கிறது என்பதை இந்த அளவை பார்ப்பதில்லை. டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு இறுகிச் செரிக்காமல் போகும் புரதமும் இதில் சேரும். சூபாபுல்லின் நச்சுப் பொருளான மைமோசினும் நைட்ரஜன் உள்ள அமினோ அமிலம் என்பதால் அதுவும் புரதமாகவே எண்ணப்படும். இதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், உலர்பொருள் அடிப்படையில் அகத்தித் தழையில் 25 முதல் 30 சதவீதம், சூபாபுல், கிளைரிசிடியா இரண்டிலும் 20 முதல் 25, வாகையிலும் வேலிமசாலிலும் 20ஐ ஒட்டி, கருவேலத் தழையில் 13 முதல் 17, கருவேலங்காயிலும் சீமைக்கருவேலங்காயிலும் 11 முதல் 14 என்று கச்சாப் புரதம் இருக்கிறது. மண், மழை, இலையின் வயது ஆகியவற்றால் இந்த எண்கள் ஏறி இறங்கும். கொழுந்தில் புரதம் அதிகம். முற்றிய இலையில் லிக்னின் சேர்ந்து செரிமானம் குறையும்.

வட்டாரத்தின் மரங்களில் கருவேலத்துக்கே முதலிடம் தர வேண்டும். ஏரி உள்வாயில் மாதக்கணக்கில் தண்ணீர் நின்றாலும் சாகாத மரம் அது. 1980களில் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தமிழகத்தில் நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஏரிகளில் பெருமளவு நடப்பட்டதும் அதுவே. மரம் முற்றியபின் ஏலம் விடப்படும்போது விறகுக்கும் கட்டைக்கும் விலை கட்டுகிறார்கள். ஆண்டுதோறும் அது உதிர்த்த காய் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கோடையில் ஏரி வற்றியதும் ஆட்டுக்காரர்கள் மந்தையை அங்கே ஓட்டுவது நிழலுக்காக மட்டும் அன்று. மணிமணியாக இடுங்கிய அந்தச் சாம்பல் நிறக் காய்க்காகவும்தான். தொரட்டியால் கிளையை உலுக்கினால் காய் கொட்டும். ஆடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு பொறுக்கும். காயின் தோட்டில் மாவும் சர்க்கரையும், விதையில் புரதமும் இருக்கின்றன. விதையின் ஓடு கடினமானது. ஆடு இரவில் பட்டியில் அசைபோடும்போது பல விதைகளை முழுதாக வெளியே துப்பிவிடுகிறது, சில சாணத்தோடும் போகின்றன. வயிற்றுக்குள் ஊறி வந்த அந்த விதை நன்றாக முளைக்கும் என்பதால், பட்டியில் பெருக்கியெடுத்த விதையையே கருவேல நடவுக்குப் பயன்படுத்தும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. நடவுக்கு அது இலாபம், ஆட்டுக்கு நட்டம்: காயிலிருக்கும் புரதத்தில் ஒரு பகுதி முழு விதையாகவே வெளியேறிவிடுகிறது. காயை உடைத்து அல்லது இடித்துப் போட்டால் அந்த நட்டம் இல்லை.

வெள்வேலத்தின் தீவன மதிப்பை நன்றாக அறிந்தவர்கள் காங்கேயம் வட்டாரத்து விவசாயிகள். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளில் கொறங்காடு என்ற தனியார் மேய்ச்சல் நிலம் தலைமுறை தலைமுறையாகப் பேணப்படுகிறது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், மேலே அங்கங்கே வெள்வேலம். புல் காய்ந்த மாதங்களில் வெள்வேலத்தின் காய் மாட்டுக்கும் செம்மறிக்கும் புரதம் தருகிறது. அதன் நிழலில் புல்லும் கொஞ்சம் கூடுதல் நாள் தாங்குகிறது. காங்கேயம் காளையின் பெருமையைப் பேசும்போது இந்த நிலத்தையும் மரத்தையும் சேர்த்தே பேச வேண்டும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் அவ்வாறு தனியாருக்குரிய மேய்ச்சல் நிலம் இல்லை. மேய்க்காலும் ஏரியும் பொதுச் சொத்து. ஆகவே மரத்தைக் காப்பது ஒருவருக்குக் கடமையாவதில்லை, ஒடிப்பது எல்லோருக்கும் உரிமையாகிறது. வெள்வேலத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதன் தழையில் ஹைட்ரோசயனிக் அமிலத்தை வெளிவிடும் பொருள் இருக்கிறது. இளஞ்சோளப் பயிரில் இருக்கும் அதே ஆபத்து. பசியோடு நிற்கும் ஆட்டுக்கு வெள்வேலத் தழையை மட்டும் வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது.

துரிஞ்சியை ஆடு விரும்பித் தின்னும். அதன் இலைப்பொடிதான் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. வாகைத் தழையும் உதிர்ந்த பூவும் நல்ல தீவனம். சாலையோரத்திலும் பள்ளி வளாகத்திலும் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் காயில் இனிப்பான பசை நிறைந்திருக்கும். கோடையில் உதிரும் அந்தக் காயைக் குப்பையோடு கூட்டி எரிப்பது பெரும் வீண்.

அகத்தியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமாவாசையன்று பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பது தமிழகம் முழுவதும் உள்ள வழக்கம். கொடுக்கப்படும் பொருளைப் பொறுத்தவரை அது மிகச் சரியான தேர்வு. உணவு அட்டவணைப்படி 100 கிராம் பச்சை அகத்தியில் 8.4 கிராம் புரதமும் 1130 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. நார் குறைவு, செரிமானம் அதிகம். ஆனால் மாதத்தில் ஒரு நாள் பல கைகளிலிருந்து கட்டுக்கட்டாக ஒரே பசுவுக்குப் போனால் பயன் குறைவு. அகத்தியின் புரதம் பெருவயிற்றில் வேகமாகக் கரைந்து அம்மோனியாவாகிறது. அதைப் பிடித்துத் தம் உடலாக்கிக்கொள்ள நுண்ணுயிரிகளுக்கு அதே நேரத்தில் சக்தி தரும் தீனி வேண்டும். அது இல்லாவிட்டால் அம்மோனியா இரத்தத்தில் கலந்து யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும், சாணமும் இளகும். நாள்தோறும் ஒரு கைக்கட்டு, வைக்கோலோடும் கொஞ்சம் தவிட்டோடும் என்பதே அகத்தியை முழுமையாகப் பயன்படுத்தும் முறை. வெற்றிலைக் கொடிக்காலிலும் கிணற்று வாய்க்காலிலும் அகத்தி வளர்ப்பவர்களுக்கு இது எட்டாத காரியமில்லை. அடிக்கடி ஒட்ட வெட்டினால் அகத்தி பட்டுப்போகும். பக்கக் கிளையை மட்டும் ஒடித்தால் சில ஆண்டுகள் கொடுக்கும்.

இனி, பட்டியலில் உள்ள புரதத்துக்கும் உடம்பில் சேரும் புரதத்துக்கும் நடுவே நிற்கும் பொருள்களுக்கு வரலாம். இவற்றில் முதன்மையானது டானின். மரம் தன்னைத் தின்னவரும் வாயிலிருந்து காத்துக்கொள்ளச் சேர்த்து வைத்திருக்கும் துவர்ப்பு அது. வேலம்பட்டை தோல் பதனிட உதவுவது அதிலுள்ள டானினால். தோலின் புரதத்தைப் பற்றி இறுக்கி அழுகாமல் செய்யும் அதே வேதிவினை, தழை தின்ற ஆட்டின் வயிற்றிலும் நடக்கிறது. டானின் தழைப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. நுண்ணுயிரிகளின் நொதிகளையும் முடக்குகிறது. வாயில் துவர்ப்பதால் தீனி எடுக்கும் அளவும் குறைகிறது.

ஆயினும் டானினை முழுக்கக் கேடு என்று ஒதுக்குவது தவறு. பெருவயிற்றின் அமிலத்தன்மை குறைவு, பி.எச். அளவு 6க்கும் 7க்கும் இடையில் இருக்கும். அங்கே டானின் புரதத்தை விடாமல் பிடித்திருக்கும். நான்காம் அறைக்குப் போகும்போது பி.எச். 3க்கு அருகில் இறங்குகிறது, பிடி தளர்கிறது, புரதம் விடுபட்டுக் குடலில் நேராகச் செரிக்கிறது. நுண்ணுயிரிகளால் அம்மோனியாவாக வீணாகாமல் தப்பிவந்த புரதம் இது. அகத்தியில் வேகமாகக் கரைந்து போவது இங்கே காப்பாற்றப்படுகிறது. தீனியின் உலர்பொருளில் டானின் 2 முதல் 4 சதவீதம் வரை இருந்தால் நன்மை. 5, 6 சதவீதத்தைக் கடந்தால் தீமை மேலோங்குகிறது. மிதமான டானின் வயிற்று உப்புசத்தைத் தடுக்கிறது. குடற்புழுக்களின் தொல்லையையும் குறைக்கிறது. வேலந்தழையையும் அகத்தியையும் சேர்த்துக் கொடுப்பது, தனித்தனியாக எதைக் கொடுப்பதையும்விட மேலானது என்பதற்கு வேதியியல் காரணம் இதுவே.

இவ்விஷயத்தில் எல்லாக் கால்நடையும் ஒன்றல்ல. வெள்ளாடு இயல்பாகவே தழை தின்னி. பின்னங்காலில் எழுந்து நின்று எட்டும், நாலு வாய் இங்கே, நாலு வாய் அங்கே என்று பல மரங்களைக் கலந்து தின்னும். அப்படிக் கலப்பதால் எந்த ஒரு நச்சும் மிகுந்துவிடுவதில்லை. டானினைத் தாங்கும் திறனும் அதற்குக் கூடுதல். செம்மறி தரையைப் பார்த்து மேய்வது. இம்மாவட்டத்தில் காணப்படும் மெட்ராஸ் சிவப்பு இனம் உதிர்ந்த காயையும் வாடிய இலையையும் தின்னும், கிளையில் தழை தேடுவது குறைவு. கலப்பினக் கறவை மாட்டின் தேவை பெரிது. அதற்கு டானின் மிகுந்த வேலந்தழை பொருந்தாது. கட்டிப்போட்ட விலங்கு எதுவானாலும் தேர்ந்து தின்னும் வாய்ப்பை இழக்கிறது. ஆகவே தழையைக் கலந்து கொடுக்கும் பொறுப்பு வளர்ப்பவரைச் சேர்கிறது.

சூபாபுல்லின் கதை வேறு. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இம்மரத்தை 1970களில் இந்தியாவில் பரப்பியதில் புனே அருகே உருளிகாஞ்சனில் மணிபாய் தேசாய் தொடங்கிய பைஃப் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1988இல் இந்தியாவுக்கு வந்த சில்லிட் என்ற சாறுண்ணிப் பூச்சி கொழுந்தைக் கருக்கி அதன் வேகத்தைக் குறைத்தது. தழையிலுள்ள மைமோசின், ஆடு மாடுகளுக்கு மயிர் உதிரச் செய்யும். வயிற்றில் அது சிதைந்து உண்டாகும் டி.எச்.பி. என்ற பொருள் தைராய்டு சுரப்பியை வீங்கச் செய்து, பசியைக் கெடுத்து, எடையைக் குறைக்கும். ஆஸ்திரேலியாவில் இத்தொல்லை கடுமையாக இருந்தது. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதையே தின்று நலமாக இருந்தன. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் வேறுபாடு மரத்தில் இல்லை, ஆட்டின் வயிற்றில் இருக்கிறது என்று ஊகித்தார். 1980களின் தொடக்கத்தில் ஹவாய் ஆட்டின் பெருவயிற்றுத் திரவத்திலிருந்து வளர்த்த நுண்ணுயிரிகள் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்குள்ள மாடுகளுக்குக் கொடுக்கப்பட்டன; நோய் நீங்கியது. டி.எச்.பி.யைச் சிதைக்கும் அந்தப் பாக்டீரியாவுக்கு 1992இல் அவர் பெயராலேயே சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று பெயரிடப்பட்டது. ஒரு தழையின் மதிப்பு தழையில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தீவன அறிவியலில் இல்லை.

தழையை உலர்த்தினால் மைமோசின் ஓரளவு குறையும். ஆனால் அதில் ஒரு பங்கு டி.எச்.பி.யாக மாறித் தங்கிவிடும். எனவே மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சூபாபுல் போகாமல் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பான வழி. சினைப்பட்ட மாட்டுக்கு இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். குதிரை, கழுதை, பன்றி, கோழி ஆகியவற்றுக்குப் பெருவயிறு இல்லாததால் மைமோசினின் தீமை அதிகம். அளவோடு கொடுத்தால் கறவை மாட்டுக்குக் கிடைக்கும் ஆதாயம் பெரிது. 10 கிலோ பச்சை சூபாபுல் தழையில் சுமார் 600 கிராம் புரதம் இருக்கிறது, 1.3 கிலோ கடலைப் புண்ணாக்கில் இருக்கும் அளவு. இரண்டும் செரிமானத்தில் சமம் இல்லை என்பதால் புண்ணாக்கை அடியோடு நிறுத்த முடியாது. ஒரு பகுதியைக் குறைத்தாலே கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றும் சிறு குடும்பத்துக்கு மாதச் செலவில் வித்தியாசம் தெரியும்.

கிளைரிசிடியாவில் நச்சு பெரிய தடையில்லை, மணமே தடை. தழையிலுள்ள கூமாரின் வாசத்தால் பழகாத மாடு முகர்ந்துவிட்டு விலகும். ஓர் இரவு வாட விட்டுக் கொடுத்தால், அல்லது பழகிய மாட்டின் பக்கத்தில் கட்டினால், சில நாளில் தின்னத் தொடங்கும். வேலிமசால் மரமல்ல, குற்றுச்செடி. அதற்கு மைமோசின் தொல்லையும் இல்லை. விதைத்த 90 நாளில் முதல் வெட்டு கொடுப்பதால், பாசனம் கொஞ்சமேனும் உள்ளவர்களுக்கு அது மரத்தைவிட விரைவான வழி.

சீமைக்கருவேலத்தைப் பற்றி நிதானமாகப் பேசுவது கடினமாகிவிட்டது. அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களின் மரம் அது. 1870களில் சென்னை மாகாண வனத்துறையின் பெட்டோம் விதை கேட்டு எழுதியதையடுத்து, கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நடப்பட்டது. இன்று தமிழகத்தின் ஏரி, கால்வாய், தரிசு எல்லாவற்றிலும் அது நிற்கிறது. அதன் தழையைப் பசித்த ஆடும் தொடாது. காயோ மஞ்சளாக, இனிப்பாக இருக்கும். எடையில் ஏறத்தாழ கால் பங்கு சர்க்கரை, 12 சதவீதத்தை ஒட்டிய புரதம். தழை கசந்து காய் இனித்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்திருக்கிறது: ஆடும் மாடும் மரத்தை விட்டுவைத்துக் காயைத் தின்று, செரிக்காத விதையைச் சாணத்தோடு ஊரெங்கும் போட்டு வருகின்றன.

காயை மட்டுமே நெடுநாள் தின்ற மாடுகளுக்குப் பிரேசிலின் வடகிழக்கில் முகம் கோணும் நோய் கண்டது. காயிலுள்ள ஜூலிப்ரோசோபின் என்ற ஆல்கலாய்டு தாடைத் தசையை இயக்கும் நரம்பணுக்களைச் சிதைப்பதே காரணம். கென்யாவின் பாரிங்கோ மக்கள் 2006இல் அரசுமீது வழக்குத் தொடுத்தபோது, இம்மரத்தின் காயைத் தின்று பல் இழந்த ஆடு ஒன்றை நைரோபி நீதிமன்றத்துக்கே கொண்டு வந்தார்கள். இவ்வளவும் உண்மை. காயை நன்றாக உலர்த்தி, அரவை இயந்திரத்தில் விதையோடு பொடித்து, அடர்தீவனத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை கலந்தால் அது நல்ல தீவனம் என்பதும் உண்மை. பொடிக்கும்போது விதை அழிவதால் பரவலும் தடைப்படுகிறது. ஈரம் இருந்தால் சர்க்கரை பிசின்போல் இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். கோடை வெயிலில் மொறுமொறுப்பாகக் காய்ந்தபின்தான் அரைக்க முடியும். இம்மரத்தைத் தீவனத்துக்காகப் புதிதாக நடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. நிற்கும் மரத்தின் காயை ஆட்டின் வயிற்றுக்கு முழுதாகப் போகவிடாமல் பொறுக்கி அரைப்பதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

புரதத்தோடு நின்றுவிட்டால் கணக்கு பாதிதான். மரத்தழையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, மணிச்சத்து குறைவு. அரிசித் தவிட்டில் இதற்கு நேர்மாறு. நெல் அரைவை ஆலைகள் உள்ள இவ்வட்டாரத்தில் தழையும் தவிடும் ஒன்றையொன்று நிரப்பும். வைக்கோலிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடுவதால், வைக்கோலை நம்பியிருக்கும் கறவை மாட்டுக்குத் தழைச் சுண்ணாம்பு கூடுதலாகத் தேவை. அதைவிட முக்கியம் கரோட்டின். வெயிலில் வெளுத்த வைக்கோலில் அது இல்லை என்றே சொல்லலாம். மாசிமுதல் வைகாசிவரை பச்சையே காணாத சினைமாடு வைட்டமின் ஏ பற்றாக்குறையால் நலிந்த கன்றைப் போடுகிறது. ஆடு மாலையில் தடுமாறுகிறது. நாளுக்கு இரண்டு கிளை பச்சைத் தழை அதைத் தடுக்கும். எந்தப் புண்ணாக்கும் இந்த வேலையைச் செய்யாது.

ராஜஸ்தானத்தில் வன்னி மரம் வாழ்வாதாரம். அங்கே குளிர்காலத்தில் கிளை வெட்டி, இலையை உலர்த்தி, லூங் என்ற பெயரில் சேமித்து, கோடையில் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுகிறார்கள். தமிழகத்தில் வன்னி கோயில் மரமாக நிற்கிறது. அந்தச் சேமிப்பு வழக்கமும் இங்கே இல்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் தழை அன்றன்று ஒடித்து அன்றன்று போடப்படுகிறது. பங்குனி, சித்திரையில் எல்லோரும் ஒரே மரத்தில் தொரட்டி போடுவதால் மரம் மொட்டையாகிறது. மழை நின்று வெயில் ஏறும் தையிலும் மாசியின் தொடக்கத்திலும் சூபாபுல், கிளைரிசிடியா, வாகைத் தழையை வெட்டி, நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்தி, உதிர்ந்த இலையைச் சாக்கில் கட்டி வைக்கலாம். நிழலில் காய்ந்தால் பச்சை நிறமும் கரோட்டினும் பெருமளவு தங்கும். காயையும் அவ்வாறே உதிரும் காலத்தில் சேர்த்து உலர்த்தி வைக்கலாம். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்து நஞ்சாகும். சேமித்த தழைத்தூளிலும் கலப்புத் தீவனத்திலும் உள்ள சத்தை அறிய விரும்பும் குழுக்கள், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நாமக்கல்லில் நடத்தும் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்பிச் சோதித்துக்கொள்ளலாம்.

கொடுக்கும் அளவில் வெள்ளாட்டுக்குத் தீனியில் பாதிவரை கலப்புத் தழை தாங்கும். செம்மறிக்கும் மாட்டுக்கும் மூன்றில் ஒரு பங்கு போதும். புதிய தழையை ஒரே நாளில் நிறையப் போடாமல் ஒரு வாரம், பத்து நாளில் ஏற்ற வேண்டும். வயிற்று நுண்ணுயிரிகள் பழக அவ்வளவு காலம் ஆகும். மரத்தின் தலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓர் ஆண்டில் வெட்டுவது அடுத்த ஆண்டுத் தழையையும் காயையும் வெட்டுவதற்குச் சமம். காய்க்காக வளர்க்கும் கருவேலத்திலும் வெள்வேலத்திலும் பூக்கும் பருவத்தில் தொரட்டி படக் கூடாது.

புதிதாக நடுபவர்கள் ஒரே வகையை வரிசையாக நடாமல், கரையில் கருவேலமும் வெள்வேலமும், வேலியில் கிளைரிசிடியாவும் சூபாபுல்லும், தண்ணீர் எட்டும் இடத்தில் அகத்தியும் என்று கலந்து நட வேண்டும். பட்டியில் கிடைக்கும் கருவேல விதையை அப்படியே ஊன்றலாம். சூபாபுல் விதையைக் கொதித்து இறக்கிய நீரில் சில நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக வரும். கிளைரிசிடியாவுக்கு முற்றிய போத்து போதும். ஆடி முதல் ஐப்பசி வரையிலான மழையில் ஊன்றியவை வேர் பிடிக்கும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் இவற்றை ஆட்டிடமிருந்தே காக்க வேண்டியிருக்கும். அதுவரை முள்வேலி அவசியம். நுனி ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போனபின் வேலியைப் பிரித்துவிட்டுப் பக்கக் கிளைகளை ஒடிக்கத் தொடங்கலாம்.